உடன் பணிபுரிவோரிடம் வரிக்கணக்குத் தொழில் செய்யலாமா?

கேட்பவர்: பேரேடு

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர்மீடியட்டில் ஒரு குரூப்போடு நின்றுவிட்டவன். நான்கு ஆண்டுகளாக, மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், தெரிந்தவர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்து வருகிறேன். உறவினர்களில் தொடங்கி, எங்கள் குடியிருப்பில் பரவி, சென்ற பருவத்தில் 63 பேருக்குச் செய்தேன். ஆளுக்கு 700 ரூபாய் வாங்குகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர்கள் ஏறத்தாழ 180 பேர். ஜூன் மாதத்தில், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழான ஃபார்ம் 16 கையில் கிடைத்ததும் அவர்களில் பலர் என் மேசைக்கு வந்து, "இதை அப்படியே நீங்களே போட்டுவிடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். இதுவரை ஐந்தாறு பேருக்கு இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறேன். இனி முறையாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யலாம் என்று நினைக்கும்போது மூன்று இடங்களில் மனம் தடுமாறுகிறது.

அந்த ஃபார்ம் 16-ஐத் தயாரிப்பதே எங்கள் பிரிவுதான். யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எந்தக் கழிவைக் கோரவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் தவறாகுமா? அடுத்தது, எங்களுக்கு வார்ப்புகள் தரும் சப்ளையர் ஒருவர், தம் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை மாதம் 2,500 ரூபாய்க்குப் பார்த்துத் தரும்படி கேட்கிறார். அவருடைய பில்களைச் சரிபார்த்துப் பணத்துக்கு அனுப்புவது நான்தான். கடைசியாக, என் மேலாளர், "எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கட்டணம் பற்றி வாய் திறக்கவில்லை. நியமன ஆணையில், முன் அனுமதியின்றி வேறு தொழிலில் ஈடுபடக் கூடாது என்று ஒரு வரி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பழைய தொழிலுறவு அலுவலர்

தம்பி, கடைசி வரியில் சொன்னதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அரசு ஊழியராக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-ஆம் விதி, முன் அனுமதியின்றித் தொழில் செய்வதைத் தடுப்பதோடு, குடும்பத்தார் நடத்தும் காப்பீட்டு முகமைக்காகவோ கமிஷன் முகமைக்காகவோ ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. மனைவி பெயரில் முகமை எடுத்துவிட்டு அலுவலகத்தில் பாலிசி விற்பவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருக்கிறார்கள். தனியார் நிறுவனத்தில் உங்கள் நியமன ஆணையும் நிலையாணைகளுமே (நிறுவனத்தின் பணி விதிகள்) அந்த இடத்தில் இருக்கின்றன. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக விப்ரோவின் தலைவர் வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த மாதமே, முன் அனுமதி பெற்றுப் போட்டியில்லாத வெளிவேலைகளைச் செய்யலாம் என்று இன்ஃபோசிஸ் வழி சொன்னது. உங்கள் நிறுவனமும் ஒரு பக்கக் கடிதத்துக்கு அனுமதி தந்துவிடக்கூடும். என்ன வேலை, எந்த நேரத்தில், யாருக்கு, நிறுவனத்தின் கணினியையும் தகவலையும் தொடமாட்டேன் என்ற உறுதி ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

வாட்ஸ்அப் செய்தி கூடவே கூடாது. சம்பளப் பட்டியல் நிறுவனம் உங்களை நம்பி ஒப்படைத்தது. அதிலிருந்து வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 180 பேருக்கும் பொதுவாக அனுப்பினாலும்கூட, பட்டியலைப் பார்த்துத்தான் அனுப்பினார் என்று முதலில் சொல்பவர் உங்களுக்கு வேண்டாதவராகத்தான் இருப்பார்.

என் பணிக்காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மேற்பார்வையாளர், தமக்குக் கீழ் இருந்த பயிற்சித் தொழிலாளர் ஒன்பது பேரில் ஏழு பேருக்குக் காப்பீட்டுப் பாலிசி விற்றார். யாரையும் மிரட்டவில்லை, மிகவும் நல்ல மனிதர், பாலிசியும் மோசமானதன்று. அவர் வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போன அடுத்த ஆண்டே அந்த ஏழு பேரும் பிரிமியம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவரிடம் வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் எங்களுக்கும் புரிந்தது. உங்கள் பிரிவில் உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

மறுமொழி: சிவப்பு மசி

நான் பட்டயக் கணக்காளர், பதினெட்டு ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். சப்ளையர் பற்றி அவர் தொடாததை நான் சொல்ல வேண்டும். மூன்றில் அதுதான் ஆபத்தானது.

அவருடைய ஜிஎஸ்டியைப் பார்த்தால் நீங்கள் ஒரே பில்லின் இரு முனையிலும் நிற்பீர்கள். அவர் தம் விற்பனையைக் காட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1தான், உங்கள் நிறுவனத்தின் கொள்முதலுக்கான வரியைக் காட்டும் 2பி அறிக்கையில் வந்து விழுகிறது. அதை வைத்துத்தான் உங்கள் நிறுவனம் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையை, எடுக்கிறது. அவர் ஒரு மாதம் தாக்கல் செய்யத் தவறினால், நிறுவனத்தின் ஊழியராக நீங்கள் அவருடைய பணத்தை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். அவருடைய கணக்கராக, அவருக்குப் பணம் வராததால் வரி கட்ட முடியவில்லை என்பதையும் நீங்களே அறிவீர்கள். இதற்குமேல், 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய தொகை 45 நாளைத் தாண்டினால், அதை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். ஆகவே மார்ச் மாதத்தில் எந்தப் பில் முந்தும், எது காத்திருக்கும் என்பது உங்கள் மேசையில் பெரிய விஷயம். அந்த 2,500 ரூபாய் ரிட்டர்னுக்கான கூலியா, வரிசையில் முன்னால் நிற்பதற்கான விலையா என்று வரிசையில் பின்னால் நிற்கும் இன்னொரு வார்ப்பாலைக்காரர் கேட்டால் உங்களிடம் காட்டுவதற்கு ஆதாரம் எதுவும் இராது. நீங்கள் இருவருமே நேர்மையானவர்களாக இருந்தாலும் நிலை இதுதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னைப் போன்ற ஒருவரிடம் அனுப்பினாலும், அனுப்பியதற்காக எதையும் வாங்காதீர்கள்.

உடன் பணிபுரிவோரைப் பொறுத்தவரை எனக்கு வேறு கவலை. நிறுவனத்தில் வாடகை ரசீது தராமல் விட்டவர், ரிட்டர்னில் வீட்டு வாடகைக் கழிவைப் போட்டு "ரீஃபண்டு" வாங்கித் தரும்படி உங்களிடம் கேட்பார். சொந்த வீட்டில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். 2025 ஜூலையில் வருமான வரித் துறை, போலிக் கழிவுகளைப் போட்டுக் கொடுத்த இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடெங்கும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், அதற்குரிய வரியைப்போல் இருமடங்கு வரை அபராதம் வருகிறது. அது வரி செலுத்துபவரைச் சேரும். அவர் மறுநாள் காலை உங்கள் எதிர் மேசைக்கு வருவார்.

சிறு குறிப்புகள் சில. ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கப் பட்டயக் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் கணக்கு எழுதும் எவரையும் "ஆடிட்டர்" என்று அழைத்துவிடுவார்கள், அந்தச் சொல்லை விசிட்டிங் கார்டில் ஏற்றிவிடாதீர்கள். யாருடைய கடவுச்சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிபி வரும்போது அவர்களே உள்ளிடட்டும், தாக்கல் செய்த 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பையும் அவர்களே முடிக்கட்டும். பிறகு, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: 63 பேரிடம் 700 வீதம் வாங்கிய 44,100 ரூபாயை உங்கள் சொந்த ரிட்டர்னில் காட்டினீர்களா? தொழில் வருமானம் உள்ளவர், ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட முடியாது. ஐடிஆர்-3 அல்லது 4தான். வீட்டுக் கடன் கழிவுக்காக, புதிய வரிமுறையை விட்டுப் பழைய வரிமுறையில் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. வெறும் சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் ஒருமுறை புதிய முறையைவிட்டு விலகினால், திரும்ப ஒரே ஒருமுறைதான் வர முடியும்.

மறுமொழி: சுங்குடி

மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியையாக இருந்துகொண்டு ஆறு ஆண்டுகளாகச் சின்னாளப்பட்டிச் சேலைகள் விற்கிறேன். ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு விற்பனையைப் பற்றிப் பேசுகிறேன். தொழிலுறவு அலுவலர் ஐயா, அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும் என்பது போல எழுதியிருக்கிறார். என் அனுபவத்தில் முதல்வரிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் சிக்கலே தொடங்கியது.

முதல் இரண்டு ஆண்டுகள் ஆசிரியர் அறைக்கே மூட்டையைக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் பிரித்து வைத்தால் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். ஒருவர் எடுத்தால் மற்றவருக்கும் எடுக்காமல் போவது கௌரவக் குறைவாகத் தோன்றும். விற்பனை நன்றாகத்தான் நடந்தது. தவணைதான் வசூலாகவில்லை. மாதம் 300 ரூபாய் தருவதாகச் சொன்ன தோழி, முதல் தேதி வந்தால் நான் இருக்கும் பக்கம் வராமல் வராந்தாவைச் சுற்றிப் போவார். 1,200 ரூபாய்ச் சேலைக்காகப் பத்தாண்டு நட்பு இப்படி ஒளிந்து விளையாடியது. இப்போது கல்லூரிக்கு எதையும் எடுத்துப் போவதில்லை. வேண்டியவர்கள் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள், கடன் கிடையாது. பாதிப்பேர் குறைந்துபோனார்கள், அந்தப் பாதி, வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று புரிந்துகொண்டேன்.

உங்கள் மேலாளரிடம் காகிதங்களைக் கையில் வாங்குவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுங்கள். வாங்கிய பிறகு சொன்னால் கேட்பதுபோல் ஆகிவிடும். "சார், ஒருவருக்கு 700 ரூபாய், வீட்டில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்" என்று மற்றவரிடம் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். தள்ளுபடி தர விரும்பினால் அலுவலகத்தார் எல்லோருக்கும் தாருங்கள். அவருக்கு மட்டும் தந்தால் அது வேறு பெயரில் பேசப்படும். இதுவரை இலவசமாகச் செய்து கொடுத்தவர்களிடம், இந்த ஆண்டு முதல் கட்டணம் உண்டு என்பதை ஜூன் பிறப்பதற்குள் நீங்களே போய்ச் சொல்வது நல்லது.

மறுமொழி: எதிர் மேசைக்காரன்

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு சொல். உங்களைப் போன்ற ஒரு நண்பரிடம்தான் நானும் கொடுத்தேன். வங்கி வட்டியைச் சேர்க்க மறந்துவிட்டார், நோட்டீஸ் வந்தது, வட்டியோடு கூடுதல் வரியைக் கட்டினேன். வெளியாளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவரோடு தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறேன் என்பதால், நோட்டீஸ் வந்ததையே இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு என் கொழுந்தியாள் போட்டுத் தருவதாகப் பொய் சொல்லி விலகிக்கொண்டேன். எனக்கு என்ன கடன், எவ்வளவு சேமிப்பு என்பது முழுவதும் அவருக்குத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை. தவறு நேர்ந்தால் திருத்திய ரிட்டர்னை இலவசமாகப் போட்டுத் தருவேன் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வாய் திறக்க அது உதவும்.

பேரேடு (கேட்பவர்)

அனைவருக்கும் நன்றி. சிவப்பு மசி ஐயா கூச்சத்தோடு கேட்டதற்குக் கூச்சத்தோடே பதில் சொல்கிறேன்: காட்டவில்லை. அதைத்தான் முதலில் திருத்தப் போகிறேன்.

மனிதவளப் பிரிவில் கடிதம் கொடுத்துவிட்டேன். சம்பளப் பட்டியல் கையாளும் வேலையிலிருந்து என்னை விலக்கினால்தான் அலுவலகத்தாருக்குச் செய்ய அனுமதிக்க முடியும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அது நடக்குமா என்பது தெரியவில்லை, அதுவரை குடியிருப்பு வாடிக்கையாளர்களோடு நிற்கிறேன். சப்ளையரிடம் முடியாது என்று சொன்னேன். "3,000 தருகிறேன்" என்றார். நீங்கள் எழுதியது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

மேலாளரிடம், அனுமதி வரும்வரை அலுவலகத்தில் யாருக்கும் செய்வதற்கில்லை என்றும், வந்தபின் ஒருவருக்கு 700 ரூபாய் என்றும் சொன்னேன். "ஓ, கட்டணம் உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். பிறகு, தம்முடையதை மட்டும் தருவதாகவும், மச்சானுக்கு அவர் ஊரிலேயே ஆள் இருப்பதாகவும் சொன்னார்.