ஓய்வு பெற்றவர்களுக்குக் கச்சேரி: எதை வைக்கலாம், எது சொதப்புகிறது?

சுருதிப்பெட்டி:
ஓய்வு பெற்றவர்களுக்கு நடந்த ஒரு கச்சேரியில், புல்லாங்குழல் மேல் ஷட்ஜத்தை (உச்ச ‘ஸ’ ஸ்வரத்தை) நீட்டிப் பிடித்ததும் மூன்றாவது வரிசையில் நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் காதுக்குப் போயின. ஒருவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டவர், கடைசிவரை மாட்டவே இல்லை. மெஷின் தானாகக் கூவாமலிருக்க உள்ளே ஒரு தடுப்பு உண்டு. அசையாமல் நிற்கும் குழல் ஸ்வரத்தையும் அது கூவல் என்றே நினைத்து அடக்கப் பார்க்கும்; கேட்பவருக்கு ஸ்வரம் நடுங்கிப் பிசிறடிக்கும். இந்தக் கூட்டத்துக்குக் குழலை முதன்மை வாத்தியமாக வைக்காதீர்கள். செல்லோ, கிடார், கீழ் ஸ்தாயியில் கிளாரினெட் போதும்.

கடைசிவரிசை:
குழல் மேல் பழி போடுவது நியாயமில்லை. பல மெஷின்களில் இசைக்கென்று தனி புரோகிராம் வைத்துத் தருவார்கள். அதில் அந்தத் தடுப்பும் இரைச்சல் குறைப்பும் தணிந்திருக்கும். தொடங்கும் முன் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

பாட்டுத் தேர்வில்தான் பெரிய கோளாறு. எல்லாரும் அறுபத்தைந்தை ஒட்டியவர்கள், பாடியதோ அவர்களுடைய பெற்றோர் காலத்துப் பாட்டு. மரியாதைக்குக் கைதட்டினார்கள். இடைவேளையில் கீபோர்டுக்காரர் சும்மா ஒரு பிற்காலப் பாட்டின் முகப்பைத் தட்டினார், கதவு வரை போனவர்கள் அப்படியே திரும்பி நின்றார்கள். ஓய்வு பெற்றவர் என்றதும் ரொம்பப் பழசுக்குப் போகாதீர்கள். பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் கேட்டதுதான் ஆழமாக நிற்கும். 1960-ல் பிறந்தவருக்கு அது 1975 முதல் 1985 வரை; 1940-ல் பிறந்தவருக்கு 1955 முதல் 1965 வரை. இரண்டு தரப்பும் ஒரே அரங்கில் இருந்தால் பட்டியலையும் பிரித்துத்தான் போட வேண்டும்.

அரைக்கட்டை:
வருஷக் கணக்கு சரி, சுருதிக் கணக்கை விட்டுவிட்டீர்களே. தெரிந்த பாட்டு, அரங்கமே சேர்ந்து ஆரம்பித்தது, சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் மொத்தக் குரலும் அறுந்துபோனது. இசைத்தட்டில் இருக்கும் சுருதியிலேயே வாசித்தால் அப்படித்தான் ஆகும். சுருதியை ஒரு கட்டை (ஒரு படி), தேவைப்பட்டால் ஒன்றரைக் கட்டை இறக்குங்கள். காலத்தை இழுக்காதீர்கள், மூச்சு இன்னும் சீக்கிரம் தீரும். வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கூடுதலாக விடுங்கள்.

மைக்செட்:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வயதான காதில் முதலில் குறைவது உச்ச அதிர்வெண்கள். பாட்டு வரியில் ஸ, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கும், சிம்பல் ஓங்கினால் சாகித்யம் (பாட்டின் வரிகள்) முழுக்கக் கரைந்துவிடும். முழு டிரம் செட் வேண்டாம். பிரஷ் குச்சியோடு ஒரு ஸ்நேர் (சின்ன டிரம்) போதும். சத்தம் போதவில்லை என்று வால்யூமைக் கூட்டுவதும் தப்பு. மெல்லியது கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று குத்தும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும்: 1 மீட்டரில் 90 என்றால் 8 மீட்டரில் 72. முன்வரிசைக்கு வலி, பின்வரிசைக்குக் குசுகுசுப்பு. ஸ்பீக்கரை உட்கார்ந்தவர் தலைக்கு மேல் உயர்த்தி, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து, பின்பாதிக்கு இன்னொரு ஜோடியைச் சின்ன வால்யூமில் வையுங்கள். பாடுபவர் முகத்தில் வெளிச்சம் இருக்கட்டும், பலர் உதட்டைப் பார்த்துத்தான் வரியைப் பிடிக்கிறார்கள். ஒரு பகுதி 45 நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம்.