58 குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள்: பணிநிரவலைத் தவிர்க்க வழி உண்டா?

கேள்வி – இடைநிலை ஆசிரியை:
எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியரோடு சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை 58. அதனால் பணியில் இளையவளான என் பெயர், பணிநிரவலுக்கான, அதாவது ஆசிரியர் தேவைப்படும் வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கான, உபரிப் பட்டியலில் வந்துவிட்டது. அதன் பிறகு நான்கு குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்கள்; கல்வித்துறையின் மாணவர் விவரப் பதிவுத் தளமான எமிஸிலும் ஏற்றிவிட்டோம். அவர்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்களா? அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், அரும்பு என்ற முதல் நிலையில் இருந்த பிள்ளைகள் இப்போதுதான் அடுத்த நிலையான மொட்டுக்கு வருகிறார்கள். அவர்களை விட்டுப் போக மனம் வரவில்லை.

பதில் 1 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மா, கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். உங்கள் பள்ளி கோட்டுக்கு மூன்று குழந்தைகள் கீழே நிற்கிறது. ஆகஸ்ட் 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் பொதுவாக அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் வருவார்கள். ஆனாலும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம், மாறிப்போகும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்கு முன்பே எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

எனக்கு இந்தக் கணக்கின் மீதே கோபம் உண்டு. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். நான்காம் வகுப்பு வகுத்தல் போட்டுக்கொண்டிருக்க, அதே அறையில் ஒன்றாம் வகுப்பு 'அ'னா எழுதும். சட்டம் சொல்வது குறைந்தபட்ச எண்ணிக்கை. அதையே உச்சவரம்பாக வைத்துப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது அநியாயம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

பதில் 2 – பட்டதாரி ஆசிரியர்:
மூத்தவர் யாராவது விரும்பிப் போக முன்வந்தால் இளையவர் தங்க முடிகிறதா என்று இந்த ஆண்டு நெறிமுறையில் பாருங்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் சொந்த ஊர்ப் பக்கம் போனார்.

கேள்வி கேட்டவர்:
தலைமையாசிரியர் போக முடியாது. இன்னொரு ஆசிரியைக்குப் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு.

பதில் 1:
அப்படியானால் மனுவை நாளையே கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பெற்றோர் கையெழுத்துடன் இணையுங்கள். கலந்தாய்வுக்குப் போகத்தான் வேண்டியிருந்தால், காலிப் பணியிடப் பட்டியலை முந்தின நாளே வாங்கி, பஸ் வசதியுள்ள பள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசை முன்னால் யோசிக்க நேரம் தர மாட்டார்கள்.