துத்தநாகத் தூள் வேகமாகப் பொங்கியது, ஆனால் வாயு ஏன் கூடவில்லை?

சிப்புட்_பையன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 படிக்கிறேன். இந்த வாரம் கிமியாவில் (வேதியியலில்) 'காடார் தின்டாக் பாலாஸ்', அதாவது வினைவேகப் பரிசோதனை. 0.13 கிராம் துத்தநாகத்தை ஒரு தடவை குருணையாகவும் இன்னொரு தடவை தூளாகவும், 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லியில் போட்டோம். தூள் கடகடவென்று பொங்கியது. குருணை தூங்கி வழிந்தது. ஆனால் பியூரெட்டில் (அளவுக் குழாயில்) வாயு 47, 48 என்று கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றுவிட்டது. வேகம் கூடினால் வாயுவும் கூட வேண்டாமா? என் குழுவில் பாதிப் பேர் கிராப்பில் தூளுக்கான கோட்டை உயரமாகவே வரைந்து விட்டார்கள்.

இன்னொன்று. தாத்தா தோட்டத்தில் ரப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். "ஆசிட்டைத் தகர வாளியில் வைக்காதே" என்று இன்றும் சொல்வார். அவர் சொல்வது ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம். அது வலுக்குறைந்தது என்றுதானே படிக்கிறோம்?

பழைய_ஸ்டோர்க்காரன்:
தம்பி, தாத்தா சொன்னது சரி. தகர வாளியின் மேல்பூச்சே துத்தநாகம்தான். பால் உறைய ஊற்றும் ஆசிட்டை நிறையத் தண்ணீர் விட்டுத்தான் கலப்போம், தொட்டவுடனே பொங்காது. அதை நம்பி ஒரு பையன் மிச்சத்தைத் தகர வாளியிலேயே ராத்திரி விட்டுவிட்டுப் போனான். காலையில் வாளி மினுமினுப்புப் போய் வெளுத்துக் கிடந்தது, கொஞ்ச நாளில் துரு. பையன் யாரென்று சொல்ல மாட்டேன். கங்காணியிடம் திட்டு வாங்கியது இந்தக் காதுதான்.

கிமியா_டீச்சர்:
ஐயா சொன்னதில் பாதிப் பாடம் இருக்கிறது. வலுக்குறைந்த அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் இருக்கும், அதனால் மெதுவாகத் தின்னும். தின்னாமல் விடாது.

தம்பி, உங்கள் 0.13 கிராம் என்பது 0.002 மோல். ஒரு மோல் துத்தநாகம் ஒரு மோல் ஹைட்ரஜன் தரும், அறை வெப்பத்தில் அது 24 லிட்டர். பெருக்கினால் 48 மில்லி. அமிலம் 0.01 மோல் இருந்தது, தேவையோ 0.004. ஆக, முதலில் தீர்ந்தது துத்தநாகம். குலா மலாக்காவை (பனைவெல்லம் மாதிரியான சர்க்கரையை) கட்டியாகப் போட்டாலும் சீவிப் போட்டாலும் தேநீரின் இனிப்பு ஒன்றுதானே? தூளில் அமிலம் படும் பரப்பு அதிகம், அவ்வளவுதான். கோடு செங்குத்தாக ஏறி அதே உயரத்தில் படுக்க வேண்டும். அமிலத்தைச் சூடாக்கினாலும் இதே கதைதான்.

சிப்புட்_பையன்:
நன்றி டீச்சர். காப்பர் சல்பேட் நான்கு சொட்டு விட்டபோதும் வேகமானது. அதுவும் சூடு மாதிரியா?

கிமியா_டீச்சர்:
இல்லை. தேர்வில் வினையூக்கி என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. துத்தநாகம் செம்பை வெளியே தள்ளுகிறது, அந்தச் செம்பு துத்தநாகத்தின் மேலேயே படிந்து குட்டி மின்கலம் போல ஆகிவிடுகிறது. ஹைட்ரஜன் அந்தச் செம்பின் மேல்தான் குமிழியாக எழும். அடுத்த தடவை குருணையை உற்றுப் பாருங்கள், கறுத்திருக்கும்.

பழைய_ஸ்டோர்க்காரன்:
தம்பி, அந்தக் கிராப்பை நாளைக்கே மாற்றி வரைந்துவிடு. தாத்தாவை நான் கேட்டதாகச் சொல்.