புதுப்பிப்பு: இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டிக் போய் வந்தேன்

மூன்று வாரமாக இடுப்பு வலி, கைரோபிராக்டிக் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை) போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, போய்விட்டேன். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று சிகிச்சை தருபவர் முதலில் விசாரித்தார். இந்தக் கேள்விகளைக் கேட்காதவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, சட்டென்று ஒரு அழுத்தம், 'டப்' என்று சத்தம். எலும்பு இடத்தில் வந்து உட்காருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது இல்லை, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம், அதே மூட்டில் மறுபடி வர 20 நிமிடம் போல ஆகும். நான்கு முறை போனதில் குனிவது சுலபமாகியிருக்கிறது, தினசரி நடையும் பயிற்சியும் சேர்ந்துதான். கழுத்தைத் திருக மட்டும் நான் சம்மதிக்கவில்லை: அரிதுதான் என்றாலும் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.