எஸ்டேட்டில் சங்கத்தை விட்டு வெளியே வரலாமா? பெம்பிளை ஒருமை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூர்_தம்பி கேட்டது:

வணக்கம். அம்மா இடுக்கி மாவட்டத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. எஸ்டேட் பெயர் வேண்டாம். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், தங்கை பன்னிரண்டாவது படிக்கிறாள். வீடு என்று எங்களுக்கு இருப்பது லயம் (எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் வரிசை வீடு) மட்டும்தான், அது அம்மாவின் வேலையோடு ஒட்டியது.

பிரச்சினை இதுதான். சங்கச் சந்தாவை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக் கம்பெனி நேராகச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ரசீது என்று ஒன்றை அம்மா பார்த்ததே இல்லை. கொழுந்து எடை போடும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கிலோ கழிக்கிறார்கள், வெயில் அடிக்கிற மாதத்திலும் ஈரக்கழிவு உண்டு! இதைச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னால், கம்பெனியே நஷ்டத்தில் ஓடுகிறது, இப்போது வாயைத் திறந்தால் போனஸிலும் கை வைப்பான் என்கிறார். அவர் மகனுக்கு அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை. அவர் இருப்பது லயத்தில் இல்லை, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில். தேர்தல் வந்தால் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வருவதும் அவர்தான்.

அம்மாவும் பக்கத்து லயத்துப் பெண்களும் இனி சந்தா கொடுக்க வேண்டாம், தனியாக நிற்போம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பா, வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். 2015இல் மூணாறில் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தோட்டத்துப் பெண்கள் இப்படித்தானே சங்கத்தைத் தள்ளிவிட்டு ஜெயித்தார்கள்? அப்புறம் ஏன் அந்த அமைப்பு தேய்ந்து போனது? எங்கள் ஆட்களும் அதே குழியில் விழக்கூடாது என்று கேட்கிறேன்.

---

பழைய_மூணாறு எழுதியது:

தம்பி, ஜெயித்தார்கள் என்பது பாதிதான் சரி, மீதியையும் சொல்கிறேன்.

2015 செப்டம்பர் தொடக்கம். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி லாபம் குறைந்துவிட்டது என்று சொல்லி போனஸ் 10 சதவீதம்தான் என்றது. அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கம்பெனிக்கு ஒரு தனிக்கதை உண்டு. 2005இல் டாடா டீ தோட்டத்தை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியபோது தொழிலாளிகளையும் பங்குதாரர்களாகச் சேர்த்து ஆரம்பித்தது. பேப்பரில் கொழுந்து எடுக்கிறவரும் முதலாளி. போனஸ் எவ்வளவு என்று முடிவு செய்தபோது அந்த முதலாளியின் குரல் எடுபடவில்லை.

அங்கே மூன்று சங்கம், மூன்று கட்சி. ஐஎன்டியுசி என்றால் காங்கிரஸ், ஏஐடியுசி என்றால் சிபிஐ, சிஐடியு என்றால் சிபிஎம். திருவனந்தபுரத்தில் எந்த ஆட்சி வந்தாலும் இந்த மூன்றில் ஒன்று ஆளுங்கட்சி, மற்றது எதிர்க்கட்சி, ஆனால் எஸ்டேட்டில் மூவருக்கும் கம்பெனியோடு சுமுகம். தலைவர்களுக்குக் கம்பெனி வீடு கொடுத்திருக்கிறது, பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது என்றெல்லாம் அந்தப் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்து பகிரங்கமாகச் சொன்னார்கள். நீ எழுதியிருப்பதும் அதே பாட்டுதான்.

ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறில் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அதிலும் தலித் குடும்பங்கள். சங்கத் தலைவர்கள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. தேவிகுளம் எம்எல்ஏ எஸ். ராஜேந்திரன், அவரும் தமிழர், சிபிஎம்காரர், அவரையே விரட்டிவிட்டார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் ஏற்றுக்கொண்டார்கள், அவரும் முடிவு வரும் வரைக்கும் கூட உட்கார்ந்தார். அவரும் அதே கட்சிதான் என்பதைக் கவனி. கொழுந்து கிள்ளுவது நாங்கள், கொள்ளை அடிப்பது நீங்கள் என்ற ரீதியில் அவர்கள் போட்ட கோஷம் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒன்பது நாள் கழித்து முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் உடன்பாடு. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, மொத்தம் 20. இது சுத்தமான வெற்றி, யாரும் குறை சொல்ல முடியாது.

கூலி விஷயம்தான் வேறு மாதிரி ஆனது. அவர்கள் கேட்டது 500. கூலியை முடிவு செய்வது பிளாண்டேஷன் லேபர் கமிட்டி, அதில் அரசு, முதலாளிகள், அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள், இவ்வளவுதான். ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அங்கே இடமில்லை, அவர்கள் யாரை விரட்டினார்களோ அவர்களே உள்ளே போய்ப் பேசினார்கள். அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிந்தது. கூடவே தினம் எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. கூலி ஏற்றத்தில் ஒரு பகுதியைக் கூடைக்குள்ளேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்பேன் நான்.

---

செங்கொடி_75 எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன தகவல்களில் எனக்குச் சண்டை இல்லை, தொனியில்தான் இருக்கிறது. நான் ஒரு சங்கத்தில் பல வருடம் பொறுப்பில் இருந்தவன், எந்தச் சங்கம் என்பது இங்கே தேவையில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது, வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்காப்பகம் எல்லாம் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று அதில் எழுத வைத்தது யார்? சும்மா வந்ததா? ஆட்களை மேய்க்கும் கங்காணி பிரம்போடு நின்ற காலத்தில் கொடி பிடித்து அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு தலைவன் மகனுக்கு வேலை வாங்கினான் என்பதற்காகச் சங்கமே வேண்டாம் என்றால் அதில் அதிக சந்தோஷப்படுவது மேனேஜர்தான். 2015க்குப் பிறகு என்ன நடந்தது? அந்த வருடக் கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் சில இடம் ஜெயித்தார்கள், சரி. அப்புறம் தலைவிகளுக்குள்ளேயே பிளவு. தலைவிகளில் ஒருவரான கோமதி சிஐடியுவில் சேர்ந்தார், பிறகு அங்கிருந்தும் வெளியேறினார். 2016 சட்டமன்றத் தேர்தலில் அந்த அமைப்பின் சார்பில் நின்றவருக்கு ஆயிரம் ஓட்டு கூட வரவில்லை. கோபம் ரோட்டை மறிக்கும், ஆனால் மாதாமாதம் லேபர் ஆபீசுக்கு நடக்காது.

தம்பி, உள்ளே இருந்து தலைவனை மாற்றுங்கள்.

---

மலைக்காரி எழுதியது:

செங்கொடி அண்ணே, உள்ளே இருந்து மாற்றுவது என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள், சங்க ஆபீசில் நாற்காலியில் இருப்பது எல்லாம் ஆண்கள். கமிட்டிக் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்பார்கள். ஆறு மணிக்கு நான் எங்கே இருப்பேன்? விறகு, தண்ணீர், அடுப்பு. காலையில் எட்டு மணிக்கு மலையில் நிற்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழ வேண்டும். கூட்டத்துக்கு வராதவள் என்று பெயரும் எங்களுக்குத்தான். 2015இல் நானும் அந்த ரோட்டில் உட்கார்ந்தவள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து அதிலேயே உட்கார்ந்தோம், வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், சில வீட்டில் அதுதான் முதல் தடவை, அதற்காகவே இன்னும் நாலு நாள் உட்கார்ந்திருக்கலாம் 😀

பிளவு வந்தது உண்மை. ஆனால் சும்மா வரவில்லை. ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பியது. ஒருத்தியைப் பார்த்து உனக்கு சீட்டு, இன்னொருத்தியிடம் அவள் பணம் வாங்கிவிட்டாள். 2017இல் எம்.எம். மணி, அப்போது அவர் மின்சார மந்திரி, எங்கள் போராட்டத்தைப் பற்றி மேடையில் இழிவாகப் பேசிய பேச்சு ஊருக்கே தெரியும். ராஜினாமா செய் என்று பெண்கள் மூணாறில் மறுபடி உட்கார வேண்டியிருந்தது.

தம்பி, அப்பாவின் பயத்தை லேசாக எடுக்காதே. என் சித்தி வேறொரு எஸ்டேட்டில் இருந்தார். ரிட்டயர் ஆன பிறகு லயத்தைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்று உட்கார வைத்துவிட்டார்கள். பணம் வந்தால்தான் வேறு இடத்தில் தலை சாய்க்க முடியும், காலி செய்தால்தான் பணம் வரும். கடைசியில் காலேஜ் போய்க்கொண்டிருந்த மகளை நிறுத்தி, அவளைத் தற்காலிகத் தொழிலாளியாகப் பெயர் கொடுக்க வைத்து அந்த வீட்டைக் காப்பாற்றினார்கள். ஊரில், சங்கரன்கோவில் பக்கம், தாத்தா விட்டு வந்த குடிசை எங்கே இருந்தது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இப்படித்தான் நாலாவது தலைமுறையும் மலை ஏறுகிறது. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்களே, அதுவும் லயம்தான், ராத்திரி தூக்கத்தில். அந்த ஒரு அறைக்காகத்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்.

---

கணக்கன் எழுதியது:

சட்டம் பக்கம் கொஞ்சம். நான் வக்கீல் இல்லை, லேபர் கோர்ட் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா.

முதலில் வீடு. லயம் கொடுப்பது வேலைக்காக, சங்க உறுப்பினர் என்பதற்காக இல்லை. சங்கத்தை விட்டதற்காக அதைப் பிடுங்க முடியாது. அப்படிச் செய்தால் அது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்ற பட்டியலில் வரும். மிரட்டுவார்கள், அது வேறு. வாயால் மிரட்டினால் தேதி, நேரம், கூட இருந்தவர் பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சந்தா. சம்பளத்தில் சந்தா பிடிக்கத் தொழிலாளியின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மேனேஜருக்கு ஒரு கடிதம், சங்கத்துக்கு ஒரு நகல், ரிஜிஸ்டர் தபாலில். ஆனால் உடனே இதைச் செய்ய வேண்டாம் என்பேன், ஏன் என்றால் உறுப்பினராக இருக்கும் வரைக்கும் அம்மாவுக்கு ஒரு பெரிய உரிமை இருக்கிறது. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் நேரில் பார்க்கலாம். 1926 தொழிற்சங்கச் சட்ட காலத்திலிருந்து இருக்கும் உரிமை இது. சங்கம் வருடாவருடம் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். கட்சி வேலைக்குச் செலவு செய்ய வேண்டுமென்றால் தனி அரசியல் நிதி வைக்க வேண்டும், அதற்குப் பணம் கொடு என்று எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது, பொது நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் கூடாது. இதை எடுத்துக் கேட்ட தொழிலாளி அநேகமாக யாருமே இல்லை, அந்தத் தைரியத்தில்தான் பல ஆபீஸ்கள் ஓடுகின்றன.

தனிச் சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2001 திருத்தத்துக்குப் பிறகு ஏழு பேரோடு கூட, அந்த இடத்துத் தொழிலாளிகளில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். பக்கத்து லயம் மட்டும் போதாது, மற்ற டிவிஷன்களிலும் ஆள் பிடிக்க வேண்டும்.

எடைக் கழிவுக்குச் சங்கமே தேவையில்லை. தராசில் வந்த எடை, கழித்தது, செக்ரோலில் (கம்பெனியின் வருகை, கூலிப் பதிவேட்டில்) ஏறியது, மூன்றையும் அம்மாவும் இன்னும் சிலரும் ஒரு மாதம் நோட்டில் எழுதட்டும். தோட்டத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் முன்னால் அந்த நோட்டு பேசும்.

---

திருப்பூர்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கணக்குப் புத்தகம் பார்க்கலாம் என்றதும் ஒரே சிரிப்பு, அந்த ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர்கள் நாங்கள், புத்தகத்தை எங்கே எடுத்துத் தரப்போகிறார்கள் என்கிறார். தர மாட்டேன் என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது? அப்புறம் நோட்டு தமிழில் எழுதலாமா, மலையாளத்தில்தான் வேண்டுமா? அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது.

---

கணக்கன் எழுதியது:

தமிழில் தாராளமாக எழுதலாம், எண்கள்தான் முக்கியம். புத்தகத்தைக் கேட்டு வாயால் போகக்கூடாது, மனுவாக எழுதி நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு, நகலில் சீல் வாங்க வேண்டும். சீல் போட மறுத்தால் அதே மனுவைத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை இணைத்துத் தொழிற்சங்கப் பதிவாளருக்குப் புகார். சங்கம் பதிவாளருக்கு அனுப்பிய வருடக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்களே திருப்பூரிலிருந்து கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய். அதில் அம்மாவின் பெயரே வெளியே வராது.

---

மலைக்காரி எழுதியது:

தம்பி, தபாலை எஸ்டேட் தபாலாபீசில் போடாதே. டவுனுக்குப் போய்ப் போடு. இங்கே சாயங்காலத்துக்குள் யார் யாருக்குக் கடிதம் போட்டார்கள் என்று மேனேஜர் பங்களா வரைக்கும் தெரிந்துவிடும்.