எக்ஸ்எம்ஆர்வி: 68-க்கு 8 என்ற வித்தியாசம் வெறும் மாசுதானா?

தாமிரபரணி:
நாள்பட்ட சோர்வு நோய் (எம்இ/சிஎஃப்எஸ்) பற்றிப் பேச்சு வந்தாலே "எக்ஸ்எம்ஆர்வி கதை முடிஞ்சுது, எல்லாம் சுண்டெலி டிஎன்ஏ" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2009 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் ரீனோவில் உள்ள விட்டமோர் பீட்டர்சன் நிறுவனத்தார், ஜூடி மிக்கோவிட்ஸ் தலைமையில், 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 101 நோயாளிகளில் 68 பேர் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி என்ற, சுண்டெலி வைரஸ்களுக்கு உறவான ரெட்ரோவைரஸ் (செல்லின் டிஎன்ஏவில் தன்னை நுழைத்துக்கொள்ளும் வகை). நலமாக இருந்த 218 பேரில் 8 பேருக்கு மட்டும். 2011 டிசம்பரில் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. காரணமாகச் சொன்னது: மற்ற ஆய்வகங்களில் முடிவு திரும்ப வரவில்லை, சோதனைகளில் தரக் கட்டுப்பாடும் சரியில்லை. பின்னணியில் மாசு, அதாவது ஆய்வகத்தில் வெளியிலிருந்து கலந்த டிஎன்ஏ.

என் கேள்வி இதுதான். ரியேஜன்ட்டில் (சோதனைக்கான ரசாயனக் கலவையில்) சுண்டெலி டிஎன்ஏ இருந்தால் அது இரண்டு குழுவிலும்தானே விழ வேண்டும்? 67 சதவீதம் ஒரு பக்கம், 3.7 சதவீதம் மறுபக்கம். மாசுக்கு யார் நோயாளி என்று எப்படித் தெரிந்தது? 2010 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 186 நோயாளிகளைப் பார்த்து ஒருவரிடமும் இல்லை என்றது. நலமானவர்களிடமே 3.7 சதவீதம் இருக்கும் என்றால் 186-இல் பூஜ்யம் வருவது அவர்கள் சோதனையின் குறையாகவும் இருக்கலாமே. ரீனோவில் செய்ததுபோல் ரத்த செல்லைத் தூண்டி, வளர்ப்பில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மைக்ரோபிப்பெட்:
மாசு என்பது ஊர் முழுக்க ஒரே அளவாகப் பெய்யும் மழை இல்லீங்க. அது எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து எங்கே விழும் என்பது மாறும். இந்த விவகாரத்தில் குறைந்தது மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது பிசிஆர் கிட், அதாவது டிஎன்ஏ துணுக்கைப் பலமடங்காகப் பெருக்கிக் காட்டும் சோதனைக்கான பொருள் தொகுப்பு. அதில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான ஹாட் ஸ்டார்ட் டேக் பாலிமரேஸில் சில வகைகளை, சூடேறும் வரை வேலை செய்யாமல் பிடித்து வைக்க ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி சேர்ப்பார்கள். அந்த ஆன்டிபாடி சுண்டெலி செல்லில் தயாரானது. சுத்திகரிப்பில் தப்பிய டிஎன்ஏ துணுக்கு எல்லாக் குழாயிலும் இருக்காது. ஒரு லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) இருக்கும், அடுத்ததில் இருக்காது.

இரண்டாவது செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை. 22ஆர்வி1 என்ற புரோஸ்டேட் புற்றுநோய் செல் லைன் எக்ஸ்எம்ஆர்வியைக் குடம் குடமாகக் கொட்டும். நீங்கள் பெருமையாகச் சொல்லும் ரீனோ வளர்ப்பு முறையில் பயன்பட்டது எல்என்கேப் என்ற இன்னொரு புரோஸ்டேட் புற்றுநோய் செல். இந்த வைரஸ் அதில் நன்றாகவே பெருகும். அதாவது அது துகள் அளவு மாசையும் நாலைந்து நாளில் பெரிதாக்கிக் காட்டும் ஏற்பாடு. "வளர்ப்பில் வந்தது, ஆகவே உண்மை" என்ற வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

மூன்றாவது பிளாஸ்மிட், அதாவது ஆய்வகத்தில் மரபணுவை ஏற்றி நகலெடுக்கும் வளைய டிஎன்ஏ. ரீனோ கட்டுரையில் பங்கெடுத்த, கிளீவ்லாந்தின் சில்வர்மன் ஆய்வகம் தன் பங்கு மாதிரிகளைத் திரும்பச் சோதித்தபோது, அவற்றில் விபி62 என்ற எக்ஸ்எம்ஆர்வி குளோன் (நகல்) கலந்திருந்ததைக் கண்டது. அந்தப் பகுதியை மட்டும் 2011 செப்டம்பரில், முழுக் கட்டுரைக்கும் முன்னதாகவே, திரும்பப் பெற்றார்கள். ஒரு ஆய்வகம் தன் கையாலேயே தன் முடிவைக் கழற்றிய இடம் அது. பலர் இதைச் சொல்வதே இல்லை.

இப்போது உங்கள் 67-க்கு 3.7. நோயாளி ரத்தம் ஒரு காலத்தில் வந்து, பலமுறை உறைபெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, வளர்ப்புக்கும் பிசிஆருக்கும் பிளாட் என்ற புரதச் சோதனைக்கும் திறக்கப்பட்டு, நலமானவர்கள் ரத்தம் வேறொரு நாள் ஒருமுறை மட்டும் திறக்கப்பட்டிருந்தால் இந்த வித்தியாசம் தானாக வரும். குறியீடு இடாமல், கலந்து அடுக்காமல் ஓடிய பிசிஆரில் இரண்டு குழுவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நோயைச் சொல்கிறதா, கையாண்ட விதத்தைச் சொல்கிறதா என்று பிரிக்கவே முடியாது.

தாமிரபரணி:
"இருந்தால்" என்ற சொல்லில்தான் உங்கள் வாதம் நிற்கிறது. சரி, 2010 ஆகஸ்ட் கட்டுரை? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் லோ, அரசு மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் ஹார்வி ஆல்டர். ஹெப்பாடைட்டிஸ் சி ஆய்வுக்கு அந்த வருடமே நோபல் வாங்கியவர் ஆல்டர்... 

சாய்சதுரம்:
இடைமறிக்கிறேன். ஆல்டருக்கு நோபல் 2020-இல்.

தாமிரபரணி:
சரி, 2020. ஆளின் தரம் மாறவில்லையே. 37 நோயாளிகளில் 32 பேர், ரத்தம் கொடுத்த 44 பேரில் 3 பேர். 1990-களின் நடுவில் எடுத்து வைத்த ரத்தம். சுண்டெலி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருக்கிறதா என்று தனியாகச் சோதித்து, இல்லை என்று காட்டினார்கள். இதற்கும் 'மழை' பதிலா?

மைக்ரோபிப்பெட்:
அதே சோதனையில்தான் சிக்கல். சுண்டெலி டிஎன்ஏவைக் கண்டுபிடிக்க இன்னும் கூர்மையான குறி ஒன்று உண்டு: ஐஏபி. சுண்டெலி ஜீனோமில் (முழு டிஎன்ஏ தொகுப்பில்) ஏறக்குறைய ஆயிரம் பிரதிகளாகத் திரும்பத் திரும்ப வரும் வரிசை. ஒரு செல்லின் சிறு துணுக்கு விழுந்தாலே மாட்டும். 2010 டிசம்பரில் 'ரெட்ரோவைராலஜி' இதழில் வந்த ஒரு ஆய்வில், இந்த வகை வைரஸ் வரிசை தெரிந்த ஒவ்வொரு மாதிரியிலும் ஐஏபியும் தெரிந்தது.

அதைவிட முக்கியம்: லோ, ஆல்டர் கண்டது எக்ஸ்எம்ஆர்வியே இல்லை. சுண்டெலி ஜீனோமில் இயல்பாகவே உட்கார்ந்திருக்கும் வேறு வகை வரிசைகள். ரீனோ முடிவை உறுதிசெய்ததாகச் செய்தி பரவியது. உண்மையில் அது வேறொரு வைரஸ், வேறொரு வரிசை. 2011 டிசம்பரில் அந்தக் கட்டுரையையும் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள்.

கடைசி ஆணி வினய் பதக் குழுவின் வேலை (2011). 22ஆர்வி1 எந்தக் கட்டியிலிருந்து வந்ததோ, அதைச் சுண்டெலிகளில் மாற்றி மாற்றி ஒட்டி வளர்த்தார்கள். தொடக்க காலத் திசுவில் எக்ஸ்எம்ஆர்வி இல்லை; பிற்காலத் திசுவில் இருக்கிறது. இரண்டு சுண்டெலி வைரஸ் துண்டுகள் 1993-க்கும் 1996-க்கும் இடையில் ஆறு இடங்களில் வெட்டி ஒட்டிக்கொண்டு பிறந்தது இது. அதே ஆறு வெட்டு இன்னோர் இடத்தில் தற்செயலாக நிகழ வழியே இல்லை. 1984-இல் நெவாடாவில் நோயுற்றவரை 1993-க்குப் பிறகு ஆய்வகத்தில் பிறந்த வைரஸ் எப்படித் தாக்கும்?

சாய்சதுரம்:
நெகட்டிவ் கண்ட்ரோல் (மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் வைக்கும் குழாய்) பற்றி ஒரு கணக்கு, ஏனென்றால் "கண்ட்ரோலில் ஒன்றும் வரவில்லையே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். மாசு 20 குழாய்க்கு ஒன்றில் விழுகிறது என்று வையுங்கள். தட்டில் தண்ணீர்க் குழாய் இரண்டே வைத்தால், இரண்டும் சுத்தமாக வர வாய்ப்பு 0.95 × 0.95, அதாவது 90 சதவீதம். மாசு இருந்தும் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்த வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் கொண்டுவர 59 தண்ணீர்க் குழாய் வேண்டும். இரண்டு சுற்றாகப் பெருக்கும் நெஸ்டட் பிசிஆரில் முதல் சுற்றுக் குழாயைத் திறந்து அடுத்த சுற்றுக்கு ஊற்றும்போது ஆபத்து இன்னும் கூடும்.

அப்புறம், "ரீனோ முறையை யாரும் செய்யவில்லை" என்பது சரியல்ல. 2011-இல் ஒன்பது ஆய்வகங்களுக்கு, ரீனோவும் சேர்த்து, பெயர் மறைத்த மாதிரிகள் போயின: முன்பு 'இருக்கிறது' எனப்பட்ட 15 பேர், நலமான 15 பேர். இருக்கிறது என்று சொன்ன ஆய்வகங்கள் நலமானவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு கண்டன. ஒரே ரத்தத்தின் இரண்டு குழாய்க்கு இரண்டு பதில் சொன்னன. 2012-இல் லிப்கின் என்ற வைரஸ் ஆய்வாளரின் ஆய்வு: 147 நோயாளிகள், 146 நலமானவர்கள், பிசிஆரில் பூஜ்யம். ஆன்டிபாடி மட்டும் இரு பக்கமும் 9, 9. மிக்கோவிட்ஸ் பங்கெடுத்த ஆய்வு. முடிவை அன்று அவரும் ஏற்றார்.

இடையில் கனடா தொடங்கிப் பல நாடுகள் நோயாளிகளின் ரத்ததானத்தை நிறுத்தின. சிலர் எச்ஐவி மாத்திரைகளைக் கூட விழுங்கினார்கள். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

தாமிரபரணி:
எக்ஸ்எம்ஆர்வியை விடுகிறேன், நீங்கள் அடித்த ஆணியைப் பிடுங்கப் போவதில்லை. ஆனால் இதை வைத்து "தொற்றே காரணமில்லை" என்று தாவுகிறவர்களை என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் டப்போ ஆய்வு (2006): எப்ஸ்டீன்-பார், க்யூ காய்ச்சல், ராஸ் ரிவர் என்று மூன்று தனித்தனிக் கிருமி, 253 பேர். ஆறு மாதத்தில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இதே நோய்க்குறி. யாருக்கு வரும் என்பதை மனநிலை சொல்லவில்லை. முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் சொன்னது.

நீங்கள் வைரஸ்காரரிடம் கேட்ட ஒழுங்கை மறுபக்கமும் கேளுங்கள். 2024 என்ஐஎச் ஆய்வில் 17 நோயாளிகள், 21 நலமானவர்கள். 'முயற்சி விருப்பம்' குறைவு என்று ஒரு தலைப்பு. எப்படி அளந்தார்கள்? எளிய வேலை: ஆட்காட்டி விரலால் 7 நொடியில் 30 முறை பொத்தானை அழுத்துவது. கடினமானது: பழக்கமில்லாத கைச் சுண்டுவிரலால் 21 நொடியில் சுமார் 100 முறை. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நலமானவர்கள் கடினமானதை ஏறக்குறைய எப்போதும் முடித்தார்கள். நோயாளிகள் தாங்கள் தேர்ந்தெடுத்த கடினப் பணிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கை முடிக்கவே இல்லை. முடியாததைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்குப் பெயர் விருப்பமா?

மேல்மாடி:
ஆய்வில் அது ஒரு துண்டு மட்டும். கைப்பிடி இறுக்கும் சோதனையில் மூளையின் டெம்போரோ-பெரைட்டல் சந்திப்பு (பக்க மடலும் உச்சி மடலும் சேரும் இடம்) நோயாளிகளில் மந்தமாக இருந்தது. தசை தானே தளர்ந்ததற்கான தடயம் இல்லை. தண்டுவட நீரில் கேட்டகால் வகைப் பொருட்கள் (டோபமின் போன்றவற்றின் வேதிக் குடும்பம்) குறைவு. உடல் சார்ந்த மாற்றம் என்றுதான் சொல்கிறார்கள், சோம்பேறித்தனம் என்று இல்லை.

சாய்சதுரம்:
ஆனால் தாமிரபரணி காட்டிய ஓட்டை அப்படியே இருக்கிறது. கடினப் பணியின் எண்ணிக்கையை ஒவ்வொருவரின் விரல் வேகத்துக்கும் ஏற்ப முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். அளக்காமல் ஒப்பிட்டால் திறனும் விருப்பமும் ஒரே எண்ணில் கலந்துவிடும்.

மைக்ரோபிப்பெட்:
17 பேரில் அதைப் பிரிக்கப் புள்ளிவிவரமும் போதாது. ஆனால் மேல்மாடி சொன்ன தண்டுவட நீர் முடிவை இதோடு சேர்த்துக் குப்பையில் போடாதீர்கள். அதை வேறொரு ஆய்வகம், பெயர் மறைத்து, நோயாளிக் குழாயையும் நலமானவர் குழாயையும் ஒரே தட்டில் மாறி மாறி அடுக்கி ஓட்டட்டும். அதுவரை இரண்டு பக்கமும் கட்டுரைத் தலைப்பை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

தாமிரபரணி:
ஒரே தட்டில் சரி. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் மாதிரியை யார் வீட்டுக்குப் போய் எடுப்பது? ஆஸ்பத்திரிக்கு நடந்து வர முடிந்தவர்களை மட்டும் அடுக்கினால் தட்டு எவ்வளவு ஒழுங்காக இருந்து என்ன பயன்?