மோஸ்லிக்கு மீசை இல்லை என்பதால் கேப்ரியல் நைட் 3 குப்பையா?

அல்சூர் செல்வம்:
நேற்று நம் பெங்களூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஜெயநகர் பிரபு ஒரு வரி போட்டிருந்தார். "கேப்ரியல் நைட் 3, முதல் இரண்டு பாகங்களின் பெயரைக் கெடுத்த குப்பை. ஒரு பூனை முடி மீசையால் அட்வென்ச்சர் கேம் என்ற இனமே செத்தது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கே பதில் எழுதினால் வீட்டு வாடகை விளம்பரங்களுக்கு நடுவே காணாமல் போகும், அதனால் இங்கே வந்தேன்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அட்வென்ச்சர் கேம் என்றால் புதிர்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கதையை நகர்த்தும் கம்ப்யூட்டர் கேம். 1999 நவம்பரில் சியரா என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட கேம் இது. எழுதியவர் ஜேன் ஜென்சன். கடத்தப்பட்ட ஒரு கைக்குழந்தையைத் தேடிக் கதாநாயகன் கேப்ரியல் தெற்குப் பிரான்சில் ரென் லெ ஷாதோ என்ற மலைக்கிராமத்துக்கு வந்து சேர்கிறான். ஊரைச் சுற்ற வண்டி வேண்டும். மொபெட் வாடகைக் கடையில் இருக்கும் ஒரே மோட்டார் சைக்கிளை எடுக்க, தன் நண்பன் மோஸ்லியைப் போல வேஷம் போடுகிறான். அதற்குத்தான் அந்த மீசை. மூன்று நாள் கதையில் முதல் நாளில் வரும் ஒரு சின்னப் புதிர் அது. மீதி இரண்டரை நாளைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

ஜெயநகர் பிரபு:
பேசலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். மோஸ்லிக்கு மீசை இல்லை. மீசை இல்லாத ஆளைப் போல வேஷம் போட எதற்கு மீசை?

அல்சூர் செல்வம்:
கேப்ரியல் முகம் வேறு, மோஸ்லி முகம் வேறு. அந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் மீசை. பாஸ்போர்ட் படத்திலும் மார்க்கரால் ஒரு மீசை வரைந்துவிடுகிறான். கடைக்காரன் படத்தைப் பார்த்தால் மீசை, ஆளைப் பார்த்தால் மீசை. அவன் கண் அங்கேயே நின்றுவிடும். நம் ஊரில் ஆதார் கார்டு படத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஜெயநகர் பிரபு:
அதாவது மீசை இல்லாத படத்தில் மீசை வரைந்து, மீசை இல்லாத முகத்தில் மீசை ஒட்டி, மீசையே இல்லாத ஒருவனாக நடிக்க வேண்டும். எழுதிவிட்டு நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கொட்டகையின் அடியில் ஓர் ஓட்டை. அதில் டேப் ஒட்ட வேண்டும். பூனையை விரட்டி அந்த ஓட்டை வழியாக ஓடவிட வேண்டும். டேப்பில் ஒட்டிய முடியை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் இருந்த சிரப்பால் உதட்டுக்கு மேல் ஒட்ட வேண்டும். இதை ஒரு மனிதன் தானாக யோசித்துக் கண்டுபிடிப்பான் என்றால் நான் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

அல்சூர் செல்வம்:
நான் கண்டுபிடித்தேன்.

ஜெயநகர் பிரபு:
2000-இல் சிவாஜி நகர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து வாக்த்ரூவை, அதாவது புதிர்களுக்கான விடைக்குறிப்பை, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தது யார்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

அல்சூர் செல்வம்:
அது கடைசி நாள் கோயில் புதிர்களுக்காக எடுத்தது. மீசையை நானே கண்டுபிடித்தேன். ஒன்றரை நாள் ஆனது. டேப் கையில் இருந்தது, பூனை அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது, ஓட்டை இருந்தது. கையில் இருப்பதை எல்லாம் எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பதுதானே இந்த வகைக் கேம்? பிரபுவுக்குப் பொறுமை இல்லை என்பதற்கு ஜேன் ஜென்சன் என்ன செய்வார்?

மர்பி டவுன் மேரி:
நான் கேம் பாதிதான் ஆடினேன். ஆனால் பல வருடமாக நாடகங்களுக்கு மேக்கப் போடுகிறேன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். சிரப்பில் மீசை நிற்காது. உதட்டுக்கு மேல்தான் வியர்வை முதலில் வரும், சர்க்கரைப் பாகு அதில் கரைந்து வாய்க்குள் இறங்கிவிடும். நாங்கள் ஸ்பிரிட் கம் என்ற மேக்கப் பசை போடுவோம். முடியும் கிரேப் முடி, வேஷத்துக்கென்றே விற்பது. பூனை முடி அவ்வளவு மெல்லியது, கொத்தாகப் பிடிக்கவே முடியாது.

அல்சூர் செல்வம்:
மேரி அக்கா, அவன் ஐந்து நிமிடம் கடைக்காரன் முன்னால் நின்றால் போதும். மூன்று மணி நேர நாடகம் இல்லை.

மர்பி டவுன் மேரி:
ஐந்து நிமிடமும் நிற்காது செல்வம். பேசும்போது மேலுதடு அசையும். அசைந்த உடனே ஓரம் தூக்கும். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கையால் செய்த வேலை.

கே.ஜி.எஃப். தாஸ்:
பசை விஷயத்தில் மேரி அக்கா சொல்வது சரி. எனக்கு வேறு ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் காலத்தில் மேப்பிள் சிரப் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. தோசைக்கு ஊற்றும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். நம் வீட்டில் ஒட்டுவதென்றால் சோற்றுப் பருக்கை, இல்லாவிட்டால் மைதா பசை. இதே கஷ்டம் 1991-இல் வந்த மங்கி ஐலண்டு 2-இலும் உண்டு. அங்கே ஒரு நிஜக் குரங்கைப் பிடித்து வந்து ரெஞ்சு மாதிரி வைத்து வால்வைத் திருப்ப வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கருவிக்கு மங்கி ரெஞ்ச் என்று பெயராம், அதுதான் புதிர். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் அதற்கு ஸ்க்ரூ ஸ்பானர் என்றுதான் பெயர். குரங்கு எப்படி ஞாபகம் வரும்? அந்த வார்த்தை தெரியாதவனுக்கு அந்தப் புதிரில் வழியே கிடையாது. மீசைக்காவது டேப், முடி, பசை என்று ஒரு வரிசை இருக்கிறது.

அல்சூர் செல்வம்:
தாஸ் சொன்னதைப் பாருங்கள். வரிசை இருக்கிறது. ஆனால் குரங்குப் புதிர் வந்த கேமை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், திட்டு வாங்குவது கேப்ரியல் நைட் 3 மட்டும்.

ஜெயநகர் பிரபு:
குரங்கு ரெஞ்சு இல்லை என்று யாரும் அங்கே சண்டை போடவில்லை. இங்கே மோஸ்லிக்கு மீசை இல்லை.

விவேக்நகர் அனு:
நான் இதை மூன்று வருடம் முன்பு லேப்டாப்பில் வாங்கி ஆடினேன், உங்கள் எல்லோரையும்விடப் பிறகு. மீசையைப் படித்துத் தெரிந்துகொண்டே போனதால் பத்து நிமிடத்தில் தாண்டிவிட்டேன். என்னைப் பிடித்து வைத்தது லெ செர்பான் ரூஜ். 13 பத்திகள் உள்ள ஒரு கவிதை. பன்னிரண்டு ராசிக்கும் ஒன்று, ஓஃபியூக்கஸ் என்ற பாம்பேந்திக்கு ஒன்று. கேப்ரியலின் உதவியாளர் கிரேஸ் உட்கார்ந்து சிட்னி என்ற கம்ப்யூட்டரில் மேப்பை ஏற்றி, ஒவ்வொரு பத்தியாகப் படித்து, புள்ளி வைத்து, வட்டம் போட்டு, அதற்குள் சதுரம் போட்டு, நிஜமான ஊர்களையும் மலைகளையும் இணைத்துக்கொண்டே போவாள். நான் நோட்டுப் புத்தகத்தில் வரைந்தபடி ஆடினேன். இரவு இரண்டு மணிக்கு அறுகோண நட்சத்திரம் மேப்பில் சரியாக உட்கார்ந்தபோது கத்திவிட்டேன், அம்மா எழுந்து வந்துவிட்டார். அதற்கு இணையான புதிர் எனக்கு வேறு எந்தக் கேமிலும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் பேசலாமே?

அப்புறம் குறையும் உண்டு. நேரம் தானாக ஓடாது, நாம் சில வேலைகளை முடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குத் தாவும். அதனால் சில காட்சிகள் நமக்குத் தெரியாமலேயே தவறிப்போகின்றன. கேமராவைக் கையால் நகர்த்திக்கொண்டே போக வேண்டியிருப்பதும் தொல்லை. இரண்டாம் பாகம்தான் எனக்கு மேல். பவேரியா, இரண்டாம் லுட்விக் மன்னர், தொலைந்துபோன ஓபரா, அந்தக் கதை நெஞ்சிலேயே நிற்கிறது.

அல்சூர் செல்வம்:
அனு, கேமராதான் அந்தக் கேமின் பெருமை. கேப்ரியல் ஓரிடத்தில் நிற்பான், நாம் அறை முழுக்கப் பறந்து மேஜைக்கு அடியில் பார்க்கலாம். 1999-இல் அதை யார் செய்தார்கள்? இரண்டாம் பாகம் ஆறு சிடி வீடியோ. நடிகர்கள் நீலத் திரைக்கு முன்னால் நின்று பேசுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜெயநகர் பிரபு:
அந்த நடிகர்கள் நடித்தார்கள். மூன்றாம் பாகத்தில் எல்லோர் முகமும் மரப்பாச்சி. இங்கிலாந்துக்காரர் டிம் கரியை மறுபடி கூட்டி வந்து கேப்ரியலின் ஊரான நியூ ஆர்லியன்ஸ் பேச்சு பேச வைத்தார்கள். காது கூசுகிறது.

கே.ஜி.எஃப். தாஸ்:
டிம் கரி குரலைக் குறை சொல்லாதீர்கள். 1993-இல் வந்த முதல் பாகத்தில் அவர்தான் கேப்ரியல். எனக்கு வேறு குரல் பொருந்தாது.

ஜெயநகர் பிரபு:
முதல் பாகத்தின் பெயரைச் சொல்லி மூன்றாம் பாகத்துக்கு வெள்ளையடிக்காதீர்கள் தாஸ். நான் முதல் இரண்டும் பிடித்ததால்தான் கோபப்படுகிறேன். பிடிக்காத கேம் எப்படிப் போனால் எனக்கென்ன?

அல்சூர் செல்வம்:
சரி, பிரபுவின் இரண்டாவது வரிக்கு வருகிறேன். மீசையால் இனமே செத்தது என்றார். அது அவர் கருத்தே இல்லை. 2000-இல் ஓல்ட் மேன் முர்ரே என்ற தளத்தில் எரிக் வோல்பா எழுதிய கட்டுரை. இந்தப் பூனை மீசையைப் படிப்படியாகச் சொல்லி, அட்வென்ச்சர் கேம்கள் தம்மைத் தாமே கொன்றுகொண்டன என்று எழுதினார். அவர் கெட்டிக்காரர், பின்னால் 2007-இல் வந்த போர்ட்டல் என்ற கேமை எழுதியவர்களில் ஒருவர். சிரிக்க வைக்க எழுதிய கட்டுரையை இருபது வருடத்துக்கு மேலாக உலகமே வேதவாக்காக ஒப்பிக்கிறது. பிரபுவும் அதில் ஒருவர்.

தேதியைப் பாருங்கள். சியரா தன் பழைய அட்வென்ச்சர் கேம்கள் பிறந்த ஓக்ஹர்ஸ்ட் ஸ்டூடியோவை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது 1999 பிப்ரவரி 22. மீசை வந்தது நவம்பரில். லூகாஸ் ஆர்ட்ஸ் அவ்வளவு உழைத்து 1998-இல் கொண்டுவந்த கிரிம் ஃபாண்டாங்கோ என்ற அட்வென்ச்சர் கேம் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதே வருடம் ஹாஃப் லைஃப் என்ற சுடுகிற கேம் வந்து கடை முழுவதையும் பிடித்துக்கொண்டது. எஸ்.பி. ரோட்டில் நான் சிடி வாங்கப் போனபோது நானே கண்ணால் பார்த்தேன், எல்லாப் பையன்களும் கேட்டது சுடுகிற கேம். செத்த பிறகு வந்தவன் எப்படிக் கொலைகாரன் ஆவான்?

ஜெயநகர் பிரபு:
தேதியெல்லாம் நன்றாக இருக்கிறது. மோஸ்லிக்கு மீசை எங்கே?

அல்சூர் செல்வம்:
உனக்கு வேறு வாக்கியமே தெரியாதா?

ஜெயநகர் பிரபு:
ஒன்றுக்குப் பதில் வந்தால்தானே அடுத்ததற்குப் போக முடியும். நீங்கள் ஸ்டூடியோ மூடின தேதி சொல்கிறீர்கள், ஹாஃப் லைஃப் சொல்கிறீர்கள். நான் கேட்டது ஒரு முகத்தைப் பற்றி.

லிங்கராஜபுரம் வாசு:
நடுவில் ஒரு சின்ன விஷயம். செல்வம், அல்சூர் என்று எழுதாதீர்கள். ஹலசூரு. வெள்ளைக்காரன் வாயில் வராமல் அல்சூர் ஆக்கினான்.

அல்சூர் செல்வம்:
என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அல்சூர்தான். ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெயரை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

லிங்கராஜபுரம் வாசு:
பலாமரம் நிறைய இருந்த ஊர், ஹலசு என்றால் பலா. தெரியாதென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கோபம் எதற்கு?

விவேக்நகர் அனு:
லெ செர்பான் ரூஜ் பற்றி யாராவது?

கே.ஜி.எஃப். தாஸ்:
அனு, நான் பேசுகிறேன். கேமில் பேசப்படும் சோனியேர், 1885-இல் ரென் லெ ஷாதோவுக்குப் பங்குச் சாமியாராக வந்த நிஜ மனிதர் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டா வின்சி கோட் நாவல் 2003-இல்தான் வந்தது. இந்தக் கேம் அதற்கு நான்கு வருடம் முன்பே இயேசுவின் வம்சம் பற்றிய அதே கதையை எடுத்து, நம்மையே துப்பறிய வைத்தது. நாவலைப் படித்த எல்லோரும் ஆகா என்றபோது, இதை நாங்கள் மேப்பில் கோடு போட்டே பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அல்சூர் செல்வம்:
இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன் தாஸ். இவ்வளவு பெரிய விஷயம் அந்தக் கேமில் இருக்கிறது. மூன்றாம் நாள் புதிர்களை நான் முடிக்க எவ்வளவு நாள் ஆனது தெரியுமா? எட்டு மாதம். புதிரால் இல்லை. மூன்று சிடியில் இரண்டாவது சிடியை 2001 பொங்கலுக்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவே இல்லை. வேறு ஒருவரிடம் கெஞ்சி காப்பி எடுத்துத்தான் முடித்தேன். வாங்கிப் போனவர் இந்த இழையிலேயே இருக்கிறார்.

ஜெயநகர் பிரபு:
அந்த சிடியை உங்கள் தம்பி கையில் கொடுத்தேன். பலமுறை சொல்லிவிட்டேன்.

அல்சூர் செல்வம்:
தம்பி வாங்கவே இல்லை என்கிறான். அவன் கேமே ஆடாதவன். அவனிடம் கொடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

ஜெயநகர் பிரபு:
மீசை இல்லாத ஆளுக்கு மீசை இருப்பதாக நம்புகிறீர்களே, இதை நம்ப மாட்டீர்களா?

மர்பி டவுன் மேரி:
இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், இப்படிப் பேசிக்கொள்ளாதீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், சிரப்பில் நிற்காது.

அல்சூர் செல்வம்:
அக்கா, நிற்கும். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு நான் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறேன். சிரப் நான் கொண்டு வருகிறேன், முடி எங்கள் தெருப் பூனையிடம் கிடைக்கும். உங்கள் கண் முன்னால் ஒட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுகிறேன். பிரபுவும் வரட்டும். வரும்போது சிடியைக் கொண்டு வரட்டும்.

ஜெயநகர் பிரபு:
வருகிறேன். சிடி என்னிடம் இல்லை. மோஸ்லியின் படத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன், அதில் மீசை எங்கே என்று எல்லோர் முன்னாலும் காட்டுங்கள்.

அல்சூர் செல்வம்:
அசல் படத்தைக் காட்டி என்ன பயன்? கடைக்காரன் பார்த்தது மார்க்கர் போட்ட படம். அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா.